அமீனாவும் அடைத்த கதவும்

சென்ற வாரம் விடுதி உணவுக்கூடத்தில் நம் தமிழ் நண்பர்கள் நாலைந்து பேரிடம், "அமீனா என்றால் யார் தெரியுமா?" என்று கேட்டுப் பார்த்தேன். ஒருவர், அது பெண்ணின் பெயர் என்றார். இன்னொருவர், சினிமாப் படமா என்றார். மன்னார்குடிப் பக்கத்து நண்பர் ஒருவர் மட்டும் சோற்றைப் பிசைந்தபடியே, "கோர்ட்டிலிருந்து வந்து வீட்டுப் பண்டபாத்திரங்களை ஜப்தி செய்துகொண்டு போகிறவர். தாத்தா காலத்தில் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாராம்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரல் தணிந்துவிட்டது. அவர் பிறப்பதற்கு எத்தனையோ ஆண்டு முன்னால் நடந்த சங்கதி. அந்தச் சொல்லுக்கு இன்னும் அவ்வளவு சக்தி இருக்கிறது!

நம் அமீனாவுக்கு இங்கிலாந்தில் ஓர் உடன்பிறப்பு உண்டு. 'பெய்லிஃப்' என்பது அவருடைய பழைய பெயர். 2014ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் நடைமுறைக்கு வந்த விதிகள் அவரை 'அமலாக்க முகவர்' என்று அழைக்கின்றன. ஊரார் என்னவோ இன்னும் பெய்லிஃப் என்றுதான் சொல்கிறார்கள். பெயரை மாற்றினால் அச்சம் போய்விடுமா? 2023ஆம் ஆண்டின் இலையுதிர் பருவத்தில், ஆராய்ச்சிக்காக மூன்று மாதம் அங்கே தங்கியிருந்தபோது, அவரை நேருக்கு நேர், அதாவது மாடி ஜன்னலுக்கும் வாசற்படிக்கும் இடையே உள்ள தூரத்தில், சந்திக்கும் பேறு எனக்குக் கிட்டியது. சட்டம் பயிலும் மாணவனுக்கு இதைவிட நல்ல வகுப்பு வேறு கிடைக்காது. ஆனால் வகுப்பறையில் வயிறு கலங்குவதில்லை.

நான் தங்கியது என் பெரியப்பா மகன் வீட்டில். இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஒரு நடுத்தர நகரம், பெயர் வேண்டாம். அண்ணனுக்கு ஒரு கம்பெனியில் வேலை. வாரத்தில் இரண்டு நாள் வெளியூர் போய்விடுவார். அண்ணி ஆஸ்பத்திரியில் நர்ஸ், பெரும்பாலும் இரவு டியூட்டி. கும்பகோணத்திலிருந்து பெரியம்மா ஆறு மாத விசாவில் வந்து, குளிரையும் மருமகளின் சமையலையும் ஒருங்கே சகித்துக்கொண்டிருந்தார்.

அந்த ஆண்டு மார்ச் மாதத்தில் அண்ணன் குடும்பம் ஊரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு வீடு மாறியிருந்தது. மாறிய அன்று, சாமான்களோடு நாலாவது நடையோ ஐந்தாவது நடையோ போகும்போது, பஸ்களுக்கு மட்டும் என்று கோடு கிழித்த பாதையில் அண்ணனுடைய கார் நுழைந்துவிட்டது. அங்கே போலீஸ்காரர் விசில் ஊதுவதில்லை. கம்பத்தின்மேல் ஒரு காமிரா இருந்தது. அது படம் பிடித்துக்கொண்டது. அண்ணனுக்கு அதுவே தெரியாது.

இனி, அந்தப் படம் என்ன ஆயிற்று என்று கேளுங்கள். நகர மன்றத்தார் கார் எண்ணை வைத்து, ஸ்வான்சீ நகரில் இருக்கும் வாகனப் பதிவகத்தில் உரிமையாளரின் விலாசத்தைக் கேட்டு வாங்கினார்கள். அண்ணனும் சும்மா இருக்கவில்லை. வீடு மாறிய மறுவாரமே பதிவுப் புத்தகத்தைத் திருத்துவதற்காக அதே ஸ்வான்சீக்கு அனுப்பிவிட்டார். ஆனால் நகர மன்றத்தின் கேள்வி முந்திக்கொண்டது. பழைய விலாசம் மன்றத்தின் ஏட்டில் ஏறிவிட்டது. ஒரு முறை ஏறியது ஏறியதுதான். பிறகு அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அபராதம் 70 பவுன். விரைந்து கட்டினால் அதில் பாதி. 28 நாள் தவணை சொல்லி முதல் கடிதம் பழைய வீட்டுக்குப் போயிற்று. பதில் இல்லை. அபராதத்தை ஒன்றரை மடங்காக்கி, 105 பவுன் கேட்டு, 14 நாள் தவணையோடு இரண்டாவது கடிதம் போயிற்று. அதற்கும் பதில் இல்லை. நார்தாம்ப்டன் நகரில் போக்குவரத்து அமலாக்க மையம் என்று ஒன்று இருக்கிறது. அது கோர்ட்டின் ஒரு பகுதி. இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதிலும் இருந்து இத்தகைய பாக்கிகள் அங்கேதான் பதிவாகின்றன. அங்கே ஒரு சிறு கட்டணத்தோடு பாக்கியைப் பதிவு செய்து, 21 நாள் தவணை கொடுத்து மூன்றாவது கடிதம். பிறகு வாரண்டு. பிறகு பெய்லிஃப் கம்பெனியின் அறிவிப்பு. அந்த அறிவிப்பை அனுப்பியதற்கே 75 பவுன். பிறகு ஆள் போய்க் கதவைத் தட்டியதற்கு 235 பவுன்.

எந்தக் கதவை? பழைய வீட்டுக் கதவை! அண்ணன் அங்கே இல்லாமற்போய் ஆறு மாதமாகிவிட்டது. அது பலர் அறை அறையாக வாடகைக்கு இருக்கும் வீடு. கதவின் தபால் துவாரம் வழியே விழும் காகிதங்களை யாரோ ஒருவர் காலால் ஓரம் தள்ளுவார், குவியல் வளரும், எப்போதாவது வாரிக் குப்பையில் கொட்டுவார்கள். ஆள் இல்லாத கதவைத் தட்டிய கூலியும் சேர்ந்து, 70 பவுன் கடன் 420 பவுனைத் தாண்டிவிட்டது. நம் பணத்தில் நாற்பதினாயிரம் ரூபாய்க்கு மேல். கந்துவட்டிக்காரர்கூட இதைக் கண்டால் ஒரு நிமிஷம் நின்று வணக்கம் செலுத்துவார்.

அங்கே ஆள் இல்லை என்று கண்டபின் பெய்லிஃப் கம்பெனியார் செய்த காரியம்தான் வேடிக்கை. அண்ணனுடைய புது விலாசத்தைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். ஆக, கண்டுபிடிக்க முடியாத விலாசம் அல்ல அது. கடிதம் எழுதும்போது கிடைக்காத விலாசம், பணம் பிடுங்க வரும்போது கிடைத்துவிட்டது.

அக்டோபர் நடுவில் ஒரு நாள். காலை ஏழு மணி பத்து நிமிஷம். அண்ணன் வெளியூரில். அண்ணி டியூட்டி முடிந்து எட்டு மணி சுமாருக்குக் காரில் வருவார். வெளியே இருட்டு, அங்கே அந்த மாதத்தில் ஏழரை மணிக்குத்தான் பொழுது விடியும். கதவு தட்டும் ஓசை கேட்டது. தட்டிய விதமே, பால்காரரோ பக்கத்து வீட்டுக்காரரோ அல்லர் என்று சொல்லிவிட்டது. மாடி ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தேன். கீழே ஒரு வாலிபர். மார்பிலே காமிரா, கையிலே ஒரு கருவி, தெருவிலே வேன். அண்ணன் பெயரைச் சொல்லி, தாம் யார் என்பதையும், எத்தனை பவுன் என்பதையும் சொன்னார். பணம் கட்டாவிட்டால் காரை எடுத்துப்போக வேண்டியிருக்கும் என்றார். குரலில் கடுமை இல்லை. "உள்ளே வந்து பேசலாமா? குளிராக இருக்கிறது" என்று கேட்டார்.

அதற்குள் பெரியம்மா சால்வையைப் போர்த்திக்கொண்டு கீழே இறங்கிவிட்டார்.

"யாருடா அது, இத்தனை விடியற்காலையில்?"

"அமீனா, பெரியம்மா" என்றேன். வேறு சொல் வாயில் வரவில்லை.

அவர் முகம் மாறியதைக் கண்டேன். ஆனாலும் கை தாழ்ப்பாளை நோக்கித்தான் போயிற்று. "அமீனாவானால் என்ன, அவனும் வயிற்றுப் பிழைப்புக்கு வந்தவன்தானே? வாசலில் நிற்க வைத்து ஜன்னலிலிருந்து பேசுகிறாயே, இது என்ன வழக்கம்? உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொல்லு. ஒரு வாய் காபி குடிக்கட்டும். அப்புறம் பேசிக்கலாம்."

"பெரியம்மா, தயவு செய்து தாழ்ப்பாளைத் தொடாதீர்கள்!" என்று மாடிப்படியில் பாய்ந்து வந்தேன். வாழ்நாளில் பெரியம்மாவிடம் நான் குரலை உயர்த்திய நாள் அது ஒன்றுதான்.

நண்பர்களே, இங்கேதான் சட்டத்தின் சூட்சுமம் இருக்கிறது. போக்குவரத்து அபராதத்துக்காக வரும் பெய்லிஃப், முதல் தடவை வீட்டுக் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வர முடியாது. சமாதானமாக, திறந்த வாசல் வழியாகத்தான் வரவேண்டும். (மாஜிஸ்திரேட் கோர்ட்டு விதித்த கிரிமினல் அபராதமானால் கதை வேறு, அதற்குப் பலாத்காரம் அனுமதி உண்டு.) வீட்டார் கதவைத் திறந்து, வாருங்கள் என்று சொன்னால், அது சமாதானமான நுழைவு. உள்ளே வந்தவர் சாமான்களுக்கு ஜாபிதா எழுதி, ஓர் உடன்படிக்கையில் கையெழுத்தும் வாங்கிவிட்டால், தவணை தவறும்போது மறுபடியும் வர அவருக்கு உரிமை பிறந்துவிடும். அப்போது கதவு தடையாகாது. பெரியம்மாவின் காபி அன்று ஆறியே போகட்டும் என்று நான் பிடிவாதம் பிடித்ததற்குக் காரணம் இதுதான். விருந்தோம்பலைப் பேரறமாகப் போற்றும் நமக்கு இந்தச் சட்டம் கொஞ்சம் கஷ்டமானது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

எனக்கு இது எப்படித் தெரிந்தது என்றால், நம் நாட்டுச் சட்டம் வழியாகத்தான். 1908ஆம் ஆண்டின் சிவில் நடைமுறைச் சட்டத்தில் 62ஆம் பிரிவைப் பாருங்கள். ஜப்திக்கு வருபவர் சூரியன் அஸ்தமித்த பின்னும் உதயமாவதற்கு முன்னும் குடியிருக்கும் வீட்டில் நுழையலாகாது. வெளிக் கதவை எளிதில் உடைக்கலாகாது. கடனாளியே குடியிருந்து வழிவிட மறுத்தாலன்றி அந்தப் பேச்சுக்கே இடமில்லை. 60ஆம் பிரிவு இன்னும் அருமை. உடுக்கும் துணி, சமைக்கும் பாத்திரம், படுக்கை, தொழிலாளியின் கருவி, உழவனின் கலப்பை, சமய வழக்கப்படி பெண் கழற்றக் கூடாத அணி, இவற்றைத் தொடக் கூடாது. இங்கிலாந்தின் ஜாபிதாவிலும் படுக்கை, அடுப்பு, சலவை யந்திரம், குளிர்ப்பெட்டி எல்லாம் விலக்கு. நம் வெளிக் கதவுக்கு வந்த மரியாதைக்கும் மூலம் அங்கேதான். 1604ஆம் ஆண்டு லண்டனில் ஸெமெய்ன் என்பவர் தொடுத்த வழக்கில், தனியார் கடனுக்காக ஷெரீப் வீட்டுக் கதவை உடைக்கக் கூடாது என்று தீர்ப்பாயிற்று. ஒருவனுக்கு அவன் வீடே கோட்டை என்று ஆங்கிலேயர் பெருமை பேசுவது அந்தத் தீர்ப்பைப் பற்றிக்கொண்டுதான். அவர்கள் பிடித்த கோட்டைகள் எத்தனையோ. எனினும் இந்த ஒரு கோட்டையை நமக்கும் எழுதிவைத்துப் போனார்கள்.

ஒரு வேற்றுமையையும் சொல்லவேண்டும். அங்கே பெய்லிஃப் காலை 6 மணி முதல் இரவு 9 மணி வரை வரலாம். சூரியனைக் கேட்க வேண்டியதில்லை. நம் சட்டமாயிருந்தால் அந்த வாலிபர் பொழுது விடியும் வரை வெளியே நின்றிருக்கவேண்டும்.

போகட்டும். நான் கதவைத் திறக்காமல், தபால் துவாரம் வழியாகவே பேசினேன். கோர்ட்டு அளித்த சான்றிதழைக் காட்டும்படி கேட்டேன்; காட்டினார். அங்கே பெய்லிஃப் ஒவ்வொருவரும் கவுண்டி கோர்ட்டில் சான்றிதழ் பெற்றிருக்கவேண்டும். அவர்கள் பெயர்ப் பட்டியலை யாரும் பார்க்கலாம். பார்த்தேன், அவர் பெயர் இருந்தது. கடனாளி வீட்டில் இல்லை என்றும், கடிதம் எதுவும் இங்கே வந்ததே இல்லை என்றும் சொன்னேன். "எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள்" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அன்று முழுவதும் அதே வாக்கியத்தைப் பத்து வாசல்களில் அவர் கேட்டிருப்பார். அதில் எது மெய், எது பொய் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

கதவு கோட்டைதான். ஆனால் தெருவில் நிற்கும் காருக்குக் கோட்டை இல்லை. சக்கரத்தில் பூட்டுப் போட அவருக்கு அதிகாரம் உண்டு. மணி ஏழரை. இன்னும் அரை மணியில் அண்ணி அந்தக் காரையே ஓட்டிக்கொண்டு வந்து அந்த வேனுக்குப் பின்னால் நிறுத்துவார்! அண்ணனுக்குப் போன் போட்டேன். அவர் அண்ணிக்குப் போன் போட்டார். அன்று அண்ணி தோழி ஒருத்தியின் வீட்டில் காலைச் சிற்றுண்டி அருந்தினார். வாலிபர் அரை மணி வேனில் உட்கார்ந்திருந்துவிட்டு, ஒரு சீட்டைத் துவாரத்தில் போட்டுவிட்டுப் போனார். அடுத்த முறை காரை இழுத்துப்போகும் வண்டியோடு வரப்போவதாக அதில் எழுதியிருந்தது.

இரவு அண்ணன் வந்ததும் சபை கூடியது. பெரியம்மாவின் கட்சி ஒன்றே: "கட்டித் தொலைத்துவிடு." பணம் இல்லையென்றால் தம் வளையலைத் தருவதாகச் சொன்னார். அண்ணன், "அம்மா, அது பணத்து விஷயம் இல்லை" என்று தொடங்கினார். "பணத்து விஷயம் இல்லை என்பது எனக்கும் தெரியும்" என்று பெரியம்மா இடைமறித்தார். அதன் பின் அவர் சொன்னதை நான் அதற்கு முன் கேட்டதில்லை, அண்ணனும் கேட்டதில்லை.

அவருக்கு ஒன்பது வயது இருக்கும்போது, அதாவது 1960ஆம் ஆண்டு வாக்கில், அவருடைய தகப்பனார் வீட்டுக்கு அமீனா வந்தாராம். யாருக்கோ ஜாமீன் நின்ற கடன். சமைக்கும் பாத்திரங்களை விட்டுவிட்டுக் கல்யாண அண்டாக்களை மட்டும் எடுத்தார்களாம். "அண்டாவைத் திண்ணையிலிருந்து தெருவுக்கு உருட்டினான். தெரு முழுக்க அந்தச் சத்தம். எதிர்வீட்டு மாமி கோலம் போடுகிற மாதிரி அரை மணி நேரம் வாசலிலேயே நின்றாள். எங்கப்பா அதற்கப்புறம் அந்தத் தெரு வழியாகக் கோவிலுக்குப் போகவே இல்லை. கொல்லை வழியாகத்தான் போவார்." காலையில் அவர் காபி போடத் துடித்தது விருந்தோம்பல் மட்டும் அல்ல என்பது எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. வாசலில் நிற்பவரை எதிர்வீட்டார் பார்ப்பதற்குள் உள்ளே அழைத்துவிட வேண்டும் என்ற அவசரம் அது. இங்கிலாந்தில் எதிர்வீட்டார் கோலம் போடுவதில்லை. அன்று காலை திரைகூட அசையவில்லை. ஆனால் அதைப் பெரியம்மாவுக்குச் சொல்லி என்ன பயன்?

அண்ணன் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "பஸ் பாதையில் போயிருந்தால் 70 பவுனைக் கட்டுகிறேன் அம்மா. ஆனால் நான் இல்லாத வீட்டைத் தட்டியதற்கு நான் ஏன் கூலி கொடுக்கவேண்டும்? தாத்தா வாங்கியது கடன். இது கடன் இல்லை, என்னிடம் சொல்லாமலே வளர்த்த வட்டி" என்றார்.

பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை. வளையலையும் கழற்றவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

பரிகாரம் இவ்வளவு எளிதாக இருக்கும் என்று நான் எண்ணவில்லை. பெய்லிஃபோடு வாதாடிப் பயன் இல்லை. அவர் கையில் வாரண்டு இருக்கிறது. நகர மன்றத்தோடு வாதாடியும் அதிகப் பயன் இல்லை. போகவேண்டிய இடம் அந்த நார்தாம்ப்டன் மையம். இரண்டு படிவங்கள்: டி.இ. 7, டி.இ. 9. கட்டணம் கிடையாது. வக்கீல் வேண்டாம். முதலாவது, தவணை கடந்து ஏன் வருகிறாய் என்பதற்கு விடை. இரண்டாவது, சாட்சி வாக்குமூலம். அதில் நாலே காரணங்கள் அச்சிட்டிருக்கின்றன: அறிவிப்பு எனக்கு வரவில்லை, ஆட்சேபம் அனுப்பினேன், பதில் வரவில்லை, மேல் விசாரணைக்குப் போனேன், முடிவு வரவில்லை, முழுவதும் கட்டிவிட்டேன். ஒன்றில் குறியிட்டுக் கையெழுத்திடவேண்டும். பொய் சொன்னால் கோர்ட்டு அவமதிப்பு. பஸ் பாதையில் போனாயா இல்லையா என்ற கேள்வியே அதில் இல்லை! பலர் இங்கேதான் இடறுகிறார்களாம்: தாங்கள் குற்றமற்றவர்கள் என்பதைப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். கோர்ட்டு கேட்பது, கடிதம் வந்ததா என்பதை மட்டுமே.

அண்ணன் முதல் காரணத்தில் குறியிட்டார். வாடகைப் பத்திரத்தின் நகல், ஸ்வான்சீயிலிருந்து திருத்தி வந்த பதிவுப் புத்தகத்தின் நகல், இவற்றோடு இன்னொரு காகிதத்தையும் நான் தேடி எடுத்தேன். ஏப்ரல் முதல் அண்ணன் வீட்டுவரி கட்டிவருகிறார். அந்த வரிக் கடிதம் புது விலாசத்துக்குத்தான் வந்திருக்கிறது. அனுப்பியது யார்? அதே நகர மன்றம்! வரி வாங்கும் மேஜைக்குத் தெரிந்த விலாசம், அபராதம் வாங்கும் மேஜைக்குத் தெரியவில்லை. இரண்டு மேஜைக்கும் நடுவே எத்தனை கஜம் இருக்குமோ, நானறியேன்.

மனு போய்ச் சேர்ந்தால் முடிவு வரும்வரை பெய்லிஃப் நடவடிக்கையை நிறுத்திவைக்க வேண்டும். ஆனால் நிறுத்தியாயிற்று என்று தகவல் வருவதற்கு நாலு நாள் ஆயிற்று. அந்த நாலு நாளும் காரை ஒரு நண்பர் வீட்டுக் கொட்டகையில் பூட்டிவைத்தோம். அண்ணி இரவு டியூட்டிக்கு இரண்டு பஸ் மாறிப் போனார். விடியற்காலையில் பஸ் கிடைக்காமல் ஒரு நாள் மழையில் நடந்தே வந்தார். நனைந்த கோட்டை ஆணியில் மாட்டிவிட்டு, "பஸ் பாதையில் பஸ்ஸிலேயே போய்விட்டேன், இதற்கும் படம் பிடித்திருப்பார்களோ?" என்றார். சிரித்தோம், ஆனால் அவர் கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.

இந்த இடத்தில் நம் சங்கத்தாருக்கு ஒரு வார்த்தை. நம்மில் பலருடைய ஸ்கூட்டர் தமிழ்நாட்டு எண்ணோடும், தகப்பனார் பெயரோடும், மதுரையிலோ சேலத்திலோ உள்ள விலாசத்தோடும் இந்த ஊர்ச் சாலைகளில் ஓடுகிறது. ஆண்டுக்கு ஓர் அறை மாறுகிறோம். நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 49ஆம் பிரிவின்படி விலாசம் மாறிய 30 நாளுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்கவேண்டும். இங்கும் கம்பத்தின்மேல் காமிராக்கள் வந்துவிட்டன. இ-செலான் என்னும் அது, பதிவில் உள்ள செல்போன் எண்ணுக்குப் போகிறது. அந்த எண் யாருடையது, தகப்பனார் அதைப் படிக்கிறாரா என்பதை அவரவர் வீட்டில் கேட்டுக்கொள்ளலாம்.

நவம்பர் இறுதியில் நார்தாம்ப்டனிலிருந்து கடிதம் வந்தது. மனு ஏற்கப்பட்டது, பாக்கியைப் பதிவு செய்த உத்தரவு ரத்து. அதோடு வாரண்டும் போயிற்று, 75ம் போயிற்று, 235ம் போயிற்று. அபராதம் மட்டும் போகவில்லை. நகர மன்றம் அதை முதலிலிருந்து தொடங்கலாம். தொடங்கிற்று. இரண்டு வாரம் கழித்துப் புது விலாசத்துக்கு, அண்ணன் பெயருக்கு, முதல் கடிதமே முதல் முறையாக வந்தது.

உள்ளே படம் இருந்தது. கார் எண் தெளிவாகத் தெரிந்தது. கூரைமேல் சுருட்டிக் கட்டிய இரட்டை மெத்தை. பின் ஜன்னலில் இட்லிப் பானையின் மூடி. பெரியம்மா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "இந்தப் பானையை நான்தான் கும்பகோணத்தில் வாங்கிக் கொடுத்தேன்" என்றார். விரைந்து கட்டினால் பாதி என்றிருந்தது. அண்ணன் அன்றிரவே 35 பவுனைக் கட்டி, ரசீதைப் படத்தோடு சேர்த்துக் கோப்பில் வைத்தார்.